ஈடுபாட்டு ஆணைக்குழுவும் ஓர் ஐஸ்கிறீம் பெட்டியும்

தியாகலிங்கத்தாருக்கு வாயைத் திறக்க உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடந்தான். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில், பாணும் பாலும் லொத்தர் சீட்டும் விற்கிற டெப்பனர் கடைக்கு மேல்மாடியில், டொக்டர் சாம்பவியின் பல் வைத்தியக் கதிரை. அந்தக் கதிரையில் வாயைத் திறந்தால் பேச முடியாது என்பது உண்மைதான். அதற்காக அவர் அங்கே போகாமல் இருந்ததில்லை.

மற்ற இடங்களில் நிலைமை இதைவிட மோசம். மனைவி காலமாகிவிட்டார். மகன் மிதுசன் கல்கரியில் இருக்கிறான். தங்கமான பிள்ளை. அப்பா என்ன எழுதி அனுப்பினாலும் உடனே ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவான். "இஞ்ச பனி கொட்டுது" என்றால் ஒரு கட்டைவிரல். "ரெண்டு நாளாக் காய்ச்சல்" என்றாலும் அதே கட்டைவிரல். அடுத்த வீட்டு மாணவர்கள் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு "பொன்ஜூர்" என்பார்கள், படியிறங்கிவிடுவார்கள். கோயிலுக்குப் போனால் "மகன் எப்ப வாறான்?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இல்லாததால் கோயிலும் நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரியில் தரை துடைத்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். அங்கேயாவது ஈரத் தரையில் கால் வைக்காதீர்கள் என்று நாலு பேரை அதட்டலாம். வீட்டுத் தரையில் கால் வைக்கவே ஆள் இல்லை.

சாம்பவி அப்படியல்ல. மொன்றியலில் வளர்ந்த பெண், ஆனாலும் ஊர்ப் பெண்களுக்கு உள்ள, அடுத்தவர் கதையைத் துருவி விடுப்புக் கேட்கிற குணம் முழுதாக இருந்தது. வாய்க்குள் கண்ணாடியும் கொழுக்கியும் பஞ்சும் வைத்த பிறகுதான் கேள்வி கேட்கத் தொடங்குவாள்.

"மகன் கதைச்சவரோ, அங்கிள்?"

"ஆ."

"கட்டைவிரல்தானோ?"

"ஆஆ."

"கால் நோவுக்குக் கிளினிக்குக்குப் போனீங்களோ?"

"ஆ."

"பொய் சொல்லாதேங்கோ."

அவருடைய 'ஆ' எதுவும் அவளுக்கு விளங்காமல் போனதில்லை. உலகத்திலேயே அவரோடு ஒழுங்காகக் கதைக்கிற ஒரே ஆள் அவருடைய வாயை அடைத்துவைத்துக்கொண்டு கதைத்தாள். தியாகலிங்கத்தாருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அவர் அங்கே வெறுங்கையோடு போவதில்லை. ஒருவரிடம் போகும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று வளர்ந்தவர். அதுவுமல்லாமல், அவர் வீட்டுச் சட்டி குடும்பச் சட்டி. கொஞ்சமாகச் சமைக்க அந்தச் சட்டிக்குத் தெரியாது. ஆகவே இடியப்பமும் கத்தரிக்காய்ப் பால்கறியும் ஒரு சின்னப் போத்தலில் சொதியும், 'வனிலா' என்று எழுதிய பழைய ஐஸ்கிறீம் பெட்டிக்குள் போகும். மத்தியானம் சாப்பிட நேரமில்லாத சாம்பவி எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் பின்னால் நின்றபடி அதைச் சாப்பிட்டு முடிப்பாள். அடுத்த முறை பெட்டி கழுவித் துடைத்துத் திரும்பி வரும். அவளையும் ஒரு யாழ்ப்பாணத்துத் தாய்தானே வளர்த்தாள்? பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டாள். பல் வைத்தியரிடம் இனிப்பா இருக்கும்? பல்துலக்கி, பற்பசை, பல் இடுக்கில் விடுகிற நூல் என்று எதையாவது உள்ளே போட்டுத் தருவாள். தியாகலிங்கத்தாரின் குளியலறையில் ஒரு மாணவர் விடுதிக்குக் காணுமான பல்துலக்கிகள் சேர்ந்துவிட்டன.

இந்த நேரத்தில்தான் அவருடைய வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் பிரச்சினை கொடுத்தது. சாம்பவி ரூட் கனால் தொடங்கினாள். பாதியைச் செய்து, மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்தாள்.

"இது கனநாளைக்கு நிக்காது, அங்கிள். அடுத்த முறை மிச்சத்தையும் செய்து வடிவா மூடிவிட்டால் உங்கட பல்லு உங்களோடயே இருக்கும்."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். பல் இருப்பது நல்லதுதான். மிச்சம் இருப்பது அதைவிட நல்லது என்று பட்டது. மிச்சம் இருந்தால் இன்னொரு முறை வரலாமே.

அந்த இன்னொரு முறைக்குள் சீர்திருத்தம் வந்துவிட்டது.

சங்கதி இதுதான். அரசாங்கப் பல் திட்டத்தில் வைத்தியருக்குக் கிடைக்கிற காசு வாடகைக்கும் பஞ்சுக்குமே காணாது. வைத்தியர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சாம்பவியோடு ஒரே மாடியில் வேலை செய்தவர் நோத்ர-டாம்-த-கிரேஸுக்குப் போய், வசதியுள்ளவர்களின் பல்லுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினார். கடைசியில் அந்தத் தெருவில் திட்டத்துக்கு மிஞ்சியது சாம்பவி ஒருத்திதான். இப்படி வந்தால் உங்களுக்கும் எனக்கும் என்ன தோன்றும்? கூலியைக் கொஞ்சம் கூட்டலாம் என்று தோன்றும். அதனால்தான் நாம் அரசாங்கத்தில் இல்லை. அரசாங்கம் 'பொதுப் பல் பராமரிப்பு ஈடுபாட்டு ஆணைக்குழு' என்று ஒன்றை நிறுவியது. அந்தப் பெயரைப் பிரெஞ்சில் சொல்லி முடிப்பதற்கே நல்ல பல் வேண்டும். ஆணைக்குழு கூடி, ஆராய்ந்து, கூலி சரியாகத்தான் இருக்கிறது, வைத்தியர்களின் மனந்தான் சரியில்லை என்று கண்டுபிடித்தது.

தலைவி மதாம் பெலுமேர் நேரிலேயே வந்தார். வெள்ளித் தலைமுடி, அழகான கழுத்துச் சால்வை, எல்லோரையும் அணைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிற கைகள். கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தவர்களுக்கு முன்னால் நின்று உரையாற்றினார்.

"பழைய ஒப்பந்தத்தில் ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று கொடுத்தோம். விளைவு என்ன? வைத்தியர்கள் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்! புதிய ஒப்பந்தத்தில் பல்லுக்கு எதுவும் கிடையாது. ஈடுபாட்டுக்கு மட்டுமே கொடுப்பனவு."

தியாகலிங்கத்தார் தம்முடைய ஆஸ்பத்திரிப் பிரெஞ்சில் மெல்லக் கேட்டார். "அப்ப பல்லுக்கு வைத்தியம்?"

"அது ஈடுபாட்டின் இயல்பான பக்கவிளைவு, மொன்சியூர்," என்றார் மதாம் அன்போடு. "எங்கள் சீர்திருத்தம் வெற்றி பெற்றுவிட்டது. நாட்டின் சராசரி ஈடுபாடு ஒவ்வொரு மாதமும் ஏறுகிறது. ஈடுபாடு குறைந்த வைத்தியர்கள் விலகிப் போகிறார்கள் அல்லவா? ஒவ்வொருவர் விலகும்போதும் சராசரி ஒரு படி உயர்கிறது. இன்னும் சிலர் விலகினால் நாங்கள் முழுமையான ஈடுபாட்டை எட்டிவிடுவோம்."

கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். வாய் வீங்கியவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று தட்டினார்கள்.

அன்றிலிருந்து கிளினிக்கில் சடங்குகள் ஆரம்பமாயின. சும்மா சொல்லக்கூடாது, கோயில் திருவிழாவில்கூட இவ்வளவு ஒழுங்கைக் காண முடியாது. ஒவ்வொரு சிகிச்சைக்கு முன்னும் வைத்தியர் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, ஈடுபாட்டுப் பிரகடனத்தை வாசிக்க வேண்டும். நோயாளியும் எழுந்து நின்று "ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். விறைப்பு ஊசி போட்ட பிறகு வாசித்தால் நோயாளியின் "ஏற்றுக்கொள்கிறேன்" தெளிவாக இல்லை என்று குற்றம் பிடித்தார்கள். ஊசிக்கு முன்னால் வாசித்தால் நோவில் நிற்க முடியாமல் நோயாளி பிரகடனத்தின் நடுவிலேயே உட்கார்ந்தான். அது பிரகடனத்தை அவமதிப்பதாயிற்று.

பிறகு ஓர் அவதானிப்பாளர் வந்து மூலையில் உட்கார்ந்தார். வைத்தியரின் முகத்தில் ஈடுபாடு தெரிகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது அவருடைய வேலை. சாம்பவியோ முகக்கவசம் போட்டிருந்தாள். 'சிரிப்பு: காணக்கிடைக்கவில்லை' என்று அவர் மேலிடத்துக்கு அறிவித்தார். மேலிடம் உடனே நடவடிக்கை எடுத்தது. சிரிப்பு அச்சடித்த முகக்கவசங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. காதுவரை நீண்ட சிரிப்பு, பல்லெல்லாம் வெளியே. அதைப் போட்டுக்கொண்டு சாம்பவி குனிந்தபோது ஒரு சின்னப் பெண் வீரிட்டு அழுது கதிரையிலிருந்து குதித்து ஓடிவிட்டாள். அவதானிப்பாளர் அன்று முழுப் புள்ளி கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஈடுபாட்டுப் பயிற்சி. செவ்வாயும் வியாழனும் கிளினிக் பூட்டு. வைத்தியர்கள் ஒரு மண்டபத்தில் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, நோயாளிகளை மனக்கண்ணில் காண வேண்டும். நிஜ நோயாளிகள் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். தியாகலிங்கத்தாரும் பெட்டியோடு வந்து, கதவைத் தட்டி, பெட்டியோடு திரும்பினார். அடுத்த கிழமையும் அப்படியே. திரும்பி வந்த இடியப்பத்தை இரவு தனியே சாப்பிட்டார். தற்காலிக அடைப்புள்ள பக்கத்தைத் தவிர்த்து, இடது பக்கத்தால் மென்றார்.

ஒருநாள் கதவு திறந்திருந்தது. உள்ளே சாம்பவி பேயறைந்தவள் போல இருந்தாள்.

"என்ன பிள்ளை, என்ன நடந்தது?"

"என்ர ஈடுபாடு காணாதாம், அங்கிள். நான் கூட நேரம் ஆக்களுக்குப் பல்லுப் பார்க்கிறனாம். பிரகடனத்தை வேகமா வாசிக்கிறனாம். விசாரணைக்கு வரட்டாம். என்னைப் பற்றிச் சொல்ல ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வரலாமாம்."

"ஆரைக் கூட்டிக்கொண்டு போறீங்கள்?"

"ஒருத்தரையும் இல்லை. ஆருக்கு நேரம்?"

தியாகலிங்கத்தார் நிமிர்ந்தார். தனக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று முதன்முறையாகப் பெருமைப்பட்டார். "நான் வாறன். நான் சொல்லுறன். விளங்கப்படுத்தினால் அவைக்கு விளங்காமலோ போகும்?"

விசாரணை நாளன்று அதிகாலையிலேயே எழும்பி இடியப்பம் அவித்தார். கோட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டார். எத்தனை காலத்துக்குப் பிறகு ஒருவருக்கு அவர் தேவைப்பட்டிருக்கிறார்! ஒரு பெரிய இடத்துக்கு, அதுவும் நல்ல காரியம் ஒன்றுக்காக, வெறுங்கையோடு போகலாமா? மாட்டார். ஐஸ்கிறீம் பெட்டி நிறைய இடியப்பமும் பால்கறியும், போத்தலில் சொதியும் எடுத்துக்கொண்டு மெட்றோ ஏறினார்.

மண்டபத்தில் நீளமான மேசை. நடுவில் மதாம் பெலுமேர், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள், கடைசியில் மதிப்பீட்டாளர் ஒருவர். தரை துடைக்கக் காணுமான பிரெஞ்சு சாட்சி சொல்லக் காணாது என்பதால் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்திருந்தார்கள். ஹரிபிரசாத் என்று பெயர். சென்னையிலிருந்து படிக்க வந்த பையன்.

தியாகலிங்கத்தார் முதலில் பெட்டியை மேசையில் வைத்தார். "உங்களுக்கும் கொஞ்சம் கொண்டந்தனான். சூடு ஆறமுன்னம் சாப்பிடுங்கோ."

மதாம் பெட்டியைப் பார்த்தார். சிரித்தார். பிறகு கேட்டார். ஹரிபிரசாத் தமிழில் சொன்னான்.

"சார், டாக்டருக்கு உங்க மேல ஈடுபாடு இருக்குன்னு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க."

"தம்பி, சொல்லுங்கோ. பிள்ளை ஒருநாளும் என்னட்டக் காசெண்டு அஞ்சு சதம் கேட்டதில்லை."

மேசையில் தலைகள் ஆடின. சாம்பவியின் தோள் கொஞ்சம் இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தியாகலிங்கத்தாருக்கு மனம் கேட்கவில்லை. பிள்ளை சும்மா செய்தாள், நான் சும்மா வாங்கிக்கொண்டேன் என்றால் தன்னைப் பற்றி இந்தப் பெரிய மனிதர்கள் என்ன நினைப்பார்கள்? மானம் மரியாதை இல்லாதவன் என்றல்லவா நினைப்பார்கள்?

"நானும் ஒருநாளும் வெறுங்கையோட போனதில்லை," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "இந்தப் பெட்டி நிறையக் கொண்டுபோவன்."

ஹரிபிரசாத் குரலைத் தாழ்த்தினான். "சார்... இத அப்படியே சொல்லட்டுமா?"

"சொல்லுங்கோ தம்பி, வடிவாச் சொல்லுங்கோ. பிள்ளையும் லேசுப்பட்ட ஆளில்லை. பெட்டியை ஒருநாளும் வெறுமையாத் திருப்பித் தந்ததில்லை. ஏதாவது போட்டுத்தான் தருவா. அதையும் சொல்லுங்கோ."

பையன் சொன்னான். சாம்பவி கண்களை மூடிக்கொண்டாள். மனம் நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று தியாகலிங்கத்தார் நினைத்தார்.

மேசையில் ஒரு சலசலப்பு. மதிப்பீட்டாளர் எழுந்து வந்து பெட்டியைத் திறந்தார். முகர்ந்தார். ஓர் இடியப்பத்தை எடுத்து வாயில் போட்டார். சான்றை ஆராய வேண்டும் அல்லவா? ஆராய்ச்சி போதவில்லை போலிருக்கிறது, இன்னொன்றை எடுத்துப் பால்கறியில் தோய்த்தார். மற்ற உறுப்பினர்களும் ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் போத்தலில் இருந்த சொதியும் ஆராய்ந்து முடிந்தது. தியாகலிங்கத்தாருக்குக் கண் கலங்கியது. அவர் சமைத்ததை இத்தனை பேர் ஒன்றாக இருந்து சாப்பிட்டு எவ்வளவு காலம்!

மதிப்பீட்டாளர் கைதுடைத்துவிட்டுத் தம் முடிவை அறிவித்தார். "உணவின் பெறுமதி, உழைப்பு, உணர்ச்சிப் பெறுமதி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெட்டி ஒரு சாதாரணப் பல் பிடுங்கலுக்குச் சமம்."

மதாம் பெலுமேர் உருக்கமான குரலில் தீர்ப்பு வாசித்தார். "இதைச் சொல்ல என் மனம் நோகிறது. டொக்டர் சாம்பவி பொதுத் திட்ட நோயாளியிடம் உணவாகக் கட்டணம் பெற்றிருக்கிறார். பொருளாக மீதி கொடுத்திருக்கிறார். அன்பு என்ற பெயரில் ஒரு முழு வியாபாரமே நடந்திருக்கிறது. ஈடுபாடு என்பது எங்கள் ஒப்பந்தத்தில் உள்ளது மட்டுமே. ஒப்பந்தத்துக்கு வெளியே காட்டப்படும் ஈடுபாடு, ஈடுபாடே அல்ல. இவர் திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறார்."

பெட்டியைச் சான்றுப்பொருள் என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஹரிபிரசாத் கடைசிவரை மொழிபெயர்த்தான். கடைசி வசனத்துக்குப் பிறகு, "சாரி சார்," என்று அவனாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டான்.

மெட்றோவில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். அவர் வாயில் பஞ்சும் இல்லை, கொழுக்கியும் இல்லை. ஆனாலும் பேச்சு வரவில்லை. இறங்கும் நேரத்தில்தான் கேட்டார்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ, பிள்ளை?"

"இல்லை, அங்கிள். நீங்கள் உள்ளதைத்தானே சொன்னீங்கள்."

அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

சாம்பவியின் பொது நோயாளிகளை ஆணைக்குழு வேறு வைத்தியர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தது. தியாகலிங்கத்தாருக்குக் கிடைத்தவர் டொக்டர் புவாவேர். தீவின் மேற்குக் கோடியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கிறார். அந்த வருடத்தின் 'ஈடுபாட்டுச் செம்மல்' பட்டம் பெற்றவர். பஸ் ஓடியது, ஓடியது, மொன்றியல் முடிகிற மட்டும் ஓடியது. கல்லூரிப் பிள்ளைகள் கலகலவென்று இறங்கிப் போனார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் ஓர் இடத்துக்கு வெறுங்கையோடு போனார். இன்னொரு வைத்தியரின் சோற்றில் மண் போட அவர் தயாராக இல்லை. ஆனால் கைகளை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. கோட்டுப் பைக்குள் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.

கிளினிக் பளபளவென்று இருந்தது. சுவரில் பதக்கம், அதற்குத் தனி விளக்கு. உள்ளறையில் புதுக் கதிரை, அதன்மேல் வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. வரவேற்பில் இருந்த பெண் இனிமையாகப் பேசினாள்.

"டொக்டர் இல்லை, மொன்சியூர். ஈடுபாட்டைப் பற்றி உரையாற்றப் போயிருக்கிறார்."

"எப்ப வருவார்?"

"வந்ததும் மற்ற வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போவார்."

"பல்லு எப்ப பார்ப்பார்?"

அந்தப் பெண் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "டொக்டர் மக்கள் அனைவருக்கும் தம்மை அர்ப்பணித்திருக்கிறார், மொன்சியூர். குறிப்பிட்ட ஓர் ஆளுக்கு நேரம் ஒதுக்கினால் அது மற்றவர்களுக்குச் செய்யும் அநீதி இல்லையா?"

அவர் "மெர்சி" சொல்லிவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸுக்காக நிற்கும்போது குளிரில் பல்லைக் கடித்தார். தற்காலிக அடைப்பு உடைந்து நாக்கில் வந்து விழுந்தது.

சில நாளில் கன்னம் வீங்கிவிட்டது. காய்ச்சலும் சேர்ந்தது. மகனுக்கு வீங்கிய முகத்தைப் படம் எடுத்து அனுப்பினார். கட்டைவிரல் வந்தது. பிறகு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால்கள் தாமாகவே டெப்பனர் கடைக்கு மேலே ஏறிப் போயின.

சாம்பவியின் கிளினிக் மாறியிருந்தது. புதுச் சோபா, ஏதோ பூ வாசம், சுவரில் வெள்ளைப் பல் காட்டிச் சிரிக்கிற ஒருத்தியின் படம். கூட்டம் இல்லை. மத்தியான வேளை, அவள் மேசையில் கடைச் சாப்பாட்டுப் பெட்டி பாதி தின்ற நிலையில் கிடந்தது. இப்போதெல்லாம் அவளுக்குச் சாப்பிட நேரம் இருக்கிறது. அவரைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தாள்.

"ஐயோ அங்கிள்! ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை? இருங்கோ, இருங்கோ."

கதிரையில் படுக்கவைத்துப் பார்த்தாள். "காப்பாத்தலாம். சீழை எடுத்துப்போட்டு மிச்சத்தைச் செய்தால் பல்லைக் காப்பாத்தலாம்."

"பிள்ளை, நீங்கள் இப்ப பிரைவேட். என்னால..."

"காசு ஆர் கேட்டது? வாயை மூடுங்கோ. இல்லை, திறவுங்கோ."

ஆனால் அவளுக்கு விதி தெரியும். திட்டத்துக்கு வெளியே உள்ள வைத்தியர் பொது நோயாளிக்கு இலவசமாகக் கைவைத்தால் அது அனுமதியற்ற ஈடுபாடு, உரிமம் போய்விடும். அனுமதி கேட்டுப் பார்ப்போம் என்று ஆணைக்குழுவுக்குப் போன் போட்டாள். மதாம் பெலுமேரின் அன்பான குரல் அறை முழுக்க ஒலித்தது.

"இலவசமாகவா? இலவசமாகச் செய்தால் அது ஈடுபாடு, டொக்டர். உங்களிடம் ஈடுபாடு இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. இல்லாத ஒன்றை எப்படிக் கொடுப்பீர்கள்?"

"அவருக்கு முகம் வீங்கியிருக்கு, மதாம்."

"நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. கொஞ்சம் இருங்கள்." எதையோ புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஆ, நல்ல செய்தி! இவர் கடைசியாகக் கொண்டுவந்த பெட்டியை நாங்கள் சாப்பிட்டு... ஆராய்ந்து விட்டோம். அது உங்களுக்கு வந்திருக்க வேண்டிய கட்டணம். ஆகவே இவருக்கு ஒரு பல் பிடுங்கல் பாக்கி வரவேண்டியிருக்கிறது. தாராளமாகப் பிடுங்கலாம். நீங்கள் இப்போது தனியார் என்பதால் உணவாகவும் கட்டணம் வாங்கலாம், இனிமேலும் அதே மதிப்பீடுதான். ஒரு பெட்டிக்கு ஒரு பிடுங்கல்."

"பிடுங்கத் தேவையில்லை, மதாம்! ரூட் கனால் செய்தால் பல்லு தப்பும். அதுக்கு எத்தனை பெட்டி?"

"பல்லைக் காப்பாற்றுவதற்கு நீண்டகால ஈடுபாடு வேண்டும். நீண்டகால ஈடுபாட்டுக்குச் சாப்பாட்டில் மதிப்பீடு கிடையாது. உங்கள் நாள் இனிதாகட்டும்."

சாம்பவி போனை வைத்தாள். முகக்கவசத்தை மேலே இழுத்தாள். இது வெறும் வெள்ளைக் கவசம், சிரிப்பு இல்லாதது. "போனால் போகட்டும், அங்கிள். நான் ரூட் கனாலே செய்யிறன். லைசன்சைப் பறிச்சால் பறிக்கட்டும். வாயைத் திறவுங்கோ."

தியாகலிங்கத்தார் வாயை இறுக மூடிக்கொண்டார். அந்தக் கதிரையில் அவர் வாயை மூடியது அதுதான் முதல் தடவை.

"திறவுங்கோ, அங்கிள்!"

தலையை அங்குமிங்கும் ஆட்டினார். அவள் கெஞ்சினாள், அதட்டினாள். அவர் அசையவில்லை. கடைசியில் சொல்வதற்கு மட்டும் திறந்தார்.

"நான் ஒருக்கா வாயைத் திறந்து உங்களுக்குச் செய்தது காணும், பிள்ளை. பிடுங்குங்கோ."

அவள் ரூட் கனால் கருவிகளைத் தட்டோடு தள்ளி வைத்தாள். பிறகு ஊசியை எடுத்தாள்.

அன்றைக்கு அவள் மகனைப் பற்றிக் கேட்கவில்லை. கால் நோவைப் பற்றிக் கேட்கவில்லை. குறடு உள்ளே போனபோது ஒன்றுதான் கேட்டாள்.

"நோகுதோ, அங்கிள்?"

"ஆ," என்றார் அவர், இல்லை என்ற அர்த்தத்தில். பொய் சொல்லாதேங்கோ என்று அவள் சொல்லவில்லை.

பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு மற்றப் பற்களையும் ஒருமுறை பார்த்தாள். "மற்றதெல்லாம் நல்ல சுத்தம், ஒரு சொத்தை இல்லை," என்றாள். "இனி ஒரு பிரச்சினையும் இல்லை, அங்கிள். நீங்கள் இனி வரத் தேவையில்லை." ஒரு பல் வைத்தியர் ஒரு நோயாளிக்குச் சொல்லக்கூடிய மிக நல்ல செய்தி அது. அவர் பஞ்சைக் கடித்தபடி தலையாட்டிவிட்டு இறங்கி வந்தார்.

சும்மாவும் போகலாந்தான். போய் என்ன சொல்வது? பல் நோவு என்று ஒரு காரணம் இருந்தவரை அவர் நோயாளி. காரணம் இல்லாமல் அங்கே போய்ப் புதுச் சோபாவில் உட்கார்ந்தால், தனிமைப்பட்டுப்போன ஒரு கிழவன் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அவருக்கு அதில் வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் நாக்கால் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். வலது பக்கப் பள்ளத்தைத் தவிர எல்லாம் கல்லுப் போல நின்றன. அத்தனை பல்துலக்கியும் வீண்போகவில்லை.

பனி உருகத் தொடங்கிய காலத்தில் ஒரு பொதி வந்தது. ஆணைக்குழுவின் முத்திரை குத்தி, நாடா சுற்றியிருந்தது. விசாரணை முடிந்துவிட்டதால் சான்றுப்பொருளை உரியவரிடம் ஒப்படைக்கிறோம், தங்கள் ஈடுபாட்டுக்கு நன்றி என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. பிரித்தார். ஐஸ்கிறீம் பெட்டி. நன்றாகக் கழுவித் துடைத்திருந்தார்கள். மூடியைத் திறந்து பார்த்தார். தலைகீழாகப் பிடித்துத் தட்டியும் பார்த்தார். வெறும் பெட்டி.

இத்தனை பேர் இருந்து சாப்பிட்டார்களே, அவர்களில் ஒருவருக்காவது பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று தோன்றவில்லையா? அவருக்குக் கோபம் வந்தது. தீர்ப்புக்கு வராத கோபம், பல்லுக்கு வராத கோபம், இதற்கு வந்தது. பெட்டியை மேசையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அதைப் பார்த்தபடி இருந்தார்.

ஒரு பெட்டிக்கு ஒரு பிடுங்கல். மதாம் தன் வாயாலேயே சொன்னது.

குளியலறைக்குப் போய்ப் பல்துலக்கிகளையெல்லாம் அள்ளி அலுமாரிக்குள் போட்டு மூடினார். கோட்டை மாட்டிக்கொண்டு, வெறும் பெட்டியோடு தெருவில் இறங்கி நடந்தார். டெப்பனர் கடைக்கு மேலே ஜன்னலில் விளக்கு எரிந்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழைந்தார்.

"ரொபி இருக்கோ?" என்று கேட்டார். "நல்லாப் பல்லில ஒட்டுறது."

பெட்டி நிறைய ரொபி மிட்டாய் வாங்கி வந்து மேசையில் வைத்தார். இனிப்பே பிடிக்காத மனிதர். ஒன்றை எடுத்து, தாளைப் பிரித்து, இடது பக்க நல்ல பற்களுக்கு நடுவில் வைத்து மெல்ல மென்றார். விழுங்கிவிட்டு நாக்கால் தடவிப் பார்த்தார். இன்னும் ஒன்றும் நோகவில்லை. அடுத்ததைப் பிரித்தார்.